சதுரங்கக் கணினிக்கு நிலையறிவு வந்த கதை

போன கோடை விடுமுறையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேரனோடு ஒரு சதுரங்க ஆட்டம் ஆடினேன். முடிந்ததும் ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். பையன் கையில் செல்போன். "இந்த இடத்துல உங்க குதிரை தப்பு தாத்தா" என்றான். "ஏண்டா தப்பு?" என்றேன். "இன்ஜின் மைனஸ் ஒண்ணரை காட்டுது." "அதான் ஏன்னு கேக்கறேன்." "அதான் சொன்னேனே, மைனஸ் ஒண்ணரை!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் விசனமும் வந்தது. நான் மும்பைக்கு வேலைக்கு வந்த புதிதில், ஞாயிறு மாலைகளில் நாங்கள் நாலைந்து பேர் கூடிச் சதுரங்கம் ஆடுவோம். அப்போது கணினி ஆடும் சதுரங்கம் என்றால் எங்களுக்கெல்லாம் ஒரு இளக்காரம். "கணக்குப் போடும், வெட்டும், கொடுக்கும். ஆனால் நிலையைப் பார்த்து ஒரு நல்ல காயை நகர்த்த மனுஷனால்தான் முடியும்" என்போம். இன்று பையன் அந்தக் கணினியிடம் காரணம்கூடக் கேட்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? மனிதனுக்கே உரியது என்று நாம் நினைத்த நிலை நகர்த்தலைக் கணினி கண்டுபிடித்ததா? கண்டுபிடித்தது என்றால் எப்படி? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் வீட்டு வழக்கப்படி யானை என்பது ரூக், மந்திரி என்பது பிஷப், பக்கத்தில் நிற்பவள் ராணி. பலகையின் வரிசைகள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ என்று எச் வரை. வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. இது போதும்.

நிலை நகர்த்தல் என்றால் என்ன?

எதிரியின் காயை வெட்டுவது, ராஜாவுக்குச் செக் கொடுப்பது, இரண்டு காய்களை ஒரே சமயம் தாக்குவது, இவையெல்லாம் கணக்கு. நான் இங்கே வந்தால் நீ அங்கே போவாய் என்று எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம். நிலை நகர்த்தல் அப்படியல்ல. உடனே ஒரு லாபமும் தெரியாது. ஒரு குதிரைக்கு நல்ல இடம், எதிரியின் மந்திரிக்கு ஒரு சுவர், பத்துப் பதினைந்து நகர்த்தலுக்குப் பிறகு உதவப்போகும் ஒரு வரிசை என்று இப்படித்தான் இருக்கும்.

இதற்குப் பெயர் பெற்ற உதாரணம் 1953-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக சாம்பியன் தகுதிப் போட்டியில் கிடைத்தது. அமெரிக்காவின் சாமுவேல் ரெஷெவ்ஸ்கிக்கு வெள்ளை. சோவியத் நாட்டின் டிக்ரான் பெட்ரோசியானுக்குக் கறுப்பு. நடுப்பலகையில் வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டு பக்கத்தில் பக்கமாக நின்று, முன்னேறி வர மிரட்டிக்கொண்டிருந்தன. 25-வது நகர்த்தலில் பெட்ரோசியான் தன் யானையைக் கொண்டுபோய் ஈ6 கட்டத்தில் வைத்தார். அங்கே வெள்ளை மந்திரி அதை வெட்டலாம். யாரும் துரத்தவில்லை, செக்கும் இல்லை. சும்மா ஒரு யானையை மந்திரி விலைக்குக் கொடுப்பது போலத்தான் இருந்தது.

அவர் பார்த்தது வேறு. யானை அங்கே நின்றால் அந்தச் சிப்பாய் நகராது. யானை விட்டுப்போன ஈ7 கட்டம் வழியாகக் கறுப்புக் குதிரை டி5 கட்டத்துக்கு வந்து உட்காரும். அங்கிருந்து அதை யாராலும் கிளப்ப முடியாது. வெள்ளையின் யானைகளுக்குத் திறந்த வழியே இல்லாதபோது யானை அதிகமாக இருந்து என்ன பயன்? ரெஷெவ்ஸ்கி யானையை வெட்டினார். குதிரை டி5-க்கு வந்தது. ஆட்டம் சமனில் முடிந்தது. பத்து ஆண்டு கழித்து, 1963-ல், பெட்ரோசியான் உலக சாம்பியன் ஆனார்.

எண்களில் எழுதிய அறிவு

இப்போது கணினியின் பக்கம் வருவோம். 1950 மார்ச்சில் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க அறிஞர், கணினியைச் சதுரங்கம் ஆட வைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்று மதிப்பு. ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்ட சிப்பாய், துணையற்ற சிப்பாய், பின்தங்கிய சிப்பாய் ஒவ்வொன்றுக்கும் அரைப் புள்ளி கழிவு. நகர வழியுள்ள ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 0.1 கூடுதல். பாருங்கள், நிலையறிவு என்று நாம் சொல்வதில் ஒரு கைப்பிடியை அவர் அன்றைக்கே எண்ணாக மாற்றிவிட்டார். ஆனால் இந்தக் கணக்கில் பெட்ரோசியானின் யானை என்ன ஆகும்? 5 போய் 3 வரும். நிகர நஷ்டம் 2. குதிரை டி5-ல் உட்காருவதன் மதிப்பு இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

ஷானன் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, எல்லா நகர்த்தல்களையும் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை பார்ப்பது. இன்னொன்று, மனிதனைப் போல, பார்க்கத் தகுந்த சிலவற்றை மட்டும் எடுத்து ஆழமாகப் போவது. முதல் வழி உருப்படாது என்றே அவருக்குத் தோன்றியது. வெள்ளையும் கறுப்பும் ஆளுக்கு ஒரு முறை நகர்த்துவதற்குள்ளேயே ஏறத்தாழ 1000 வகை; 40 நகர்த்தல் கொண்ட ஓர் ஆட்டத்துக்கு 1-க்குப் பின்னால் 120 சைபர் போடவேண்டும். எந்தக் காலத்தில் எண்ணி முடிப்பது?

இங்கிலாந்தில் ஆலன் டூரிங் ஒரு நிரல் எழுதினார். அதை ஓட்டக் கணினி இல்லாததால் 1952-ல் தானே காகிதமும் பென்சிலுமாகக் கணினி வேடம் போட்டு ஆடினார். அந்தக் காகிதக் கணினி தோற்றது.

மனித வழிக்குப் பெரிய ஆதரவாளர் மிகயில் போத்வின்னிக். மூன்று முறை உலக சாம்பியன், தொழிலால் மின்பொறியாளர். கிராண்ட்மாஸ்டர் யோசிப்பது போலவே யோசிக்கும் 'பயனியர்' என்ற நிரலை உருவாக்கப் பல ஆண்டு உழைத்தார். சிக்கலான சில நிலைகளைத் தீர்த்தது என்றாலும், அது போட்டியில் ஆடும் நிலைக்கு வரவேயில்லை. நிலையறிவில் அவருக்கு மேல் யார்? ஆனால் தன் தலைக்குள் இருந்ததை அவராலேயே எழுதி வைக்க முடியவில்லை. வித்வானிடம் கமகத்தை எண்ணில் எழுதித் தரச் சொன்ன மாதிரி ஆச்சு.

அதே சமயம் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்லேட், அட்கின் என்ற இருவர் 1973-ல் தங்கள் நிரலை மாற்றி எழுதினார்கள். தேர்ந்தெடுக்கும் வேலையே வேண்டாம், எல்லாவற்றையும் பார் என்று விட்டார்கள். ஷானன் ஒதுக்கிய முதல் வழிதான் ஜெயித்தது. கணினியின் வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடிக்கொண்டே போனது.

ஆனாலும் ஒரு குறை. எட்டு நகர்த்தல் பார்க்கும் கணினிக்கு ஒன்பதாவது தெரியாது. வரப்போகும் நஷ்டத்தைத் தள்ளிப்போட அநாவசியமாக ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு, ஆபத்து போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும். தபால் வழிச் சதுரங்கத்தில் உலக சாம்பியனாக இருந்த ஹான்ஸ் பெர்லினர் இதற்குத் தொடுவானக் கோளாறு என்று பெயர் வைத்தார். இந்தக் குறையை நம்பித்தான் ஸ்காட்லாந்தின் டேவிட் லெவி, பத்து ஆண்டுக்குள் தன்னை எந்தக் கணினியும் தோற்கடிக்காது என்று 1968-ல் பந்தயம் கட்டினார். 1978-ல் டொராண்டோவில் ஸ்லேட்-அட்கின் நிரலை 3½–1½ என்று வென்று பணத்தை வாங்கிக்கொண்டார். அவர் உபாயம் எளிது: ஒன்றும் செய்யாதே, ஆனால் அதை ஒழுங்காகச் செய். நிலை மூடியிருந்தால் எண்ண ஒன்றும் கிடைக்காமல் கணினி தானாகவே கெடுத்துக்கொள்ளும். ஆனால் ஐந்தில் ஓர் ஆட்டம் அவரும் தோற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஆனந்துக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 1994-ல் லண்டனில் நடந்த விரைவு ஆட்டப் போட்டியில் 'செஸ் ஜீனியஸ்' என்ற நிரல் உலக சாம்பியன் காஸ்பரோவையே வெளியேற்றியது. அரையிறுதியில் அதை 2–0 என்று நிறுத்தியவர் விஸ்வநாதன் ஆனந்த். சென்னையிலிருந்து மும்பை வரை நாங்கள் எல்லோரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்.

1997 மே 4

மூன்றே ஆண்டில் நிலைமை மாறியது. ஐபிஎம் நிறுவனத்தின் டீப் ப்ளூ 1996-ல் பிலடெல்பியாவில் காஸ்பரோவிடம் 2–4 என்று தோற்றிருந்தது. தோற்றபின் அதை உருவாக்கிய ஃபெங்-ஷியுங் சூ, மரே கேம்ப்பெல், ஜோ ஹோன் ஆகியோர் கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமினைக் கூட வைத்துக்கொண்டு கணினியின் மதிப்பீட்டைத் திருத்தினார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அது மறுபடி உட்கார்ந்தபோது வினாடிக்குச் சராசரியாக 10 கோடிக்கு மேல் நிலைகளைப் பார்த்தது. ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 8000 அம்சங்களை வைத்து எடை போட்டது. இன்று மூடியிருந்தாலும் நாளை திறக்கக்கூடிய வரிசையில் நிற்கும் யானைக்குக் கூடுதல் மதிப்பு என்பதும் அவற்றில் ஒன்று.

முதல் ஆட்டம் காஸ்பரோவுக்கு. மே 4 அன்று இரண்டாவது ஆட்டம், கணினிக்கு வெள்ளை. நிலை மூடியது, லெவி விரும்பிய ரகம். கணினி அவசரப்படாமல் இரண்டு யானைகளையும் மூடியிருந்த ஏ வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியது. 36-வது நகர்த்தலில் எல்லோரும் எதிர்பார்த்தது ராணி பி6 கட்டத்துக்குப் பாய்ந்து சிப்பாய்களைப் பொறுக்குவது. அதற்கு முந்தைய கணினி எதுவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும். அப்படிச் செய்தால் கறுப்பு தன் ஈ5 சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிக் கொடுத்து, அதனால் திறக்கும் வழியில் ராணியையும் மந்திரியையும் வெளியே கொண்டுவந்துவிடும். பொறுக்கியது சிப்பாய், விட்டது பிடி என்று ஆகியிருக்கும்.

டீப் ப்ளூ சிப்பாயைப் பொறுக்கவில்லை. ஏ வரிசையைத் திறந்தது. அடுத்ததாக மந்திரியை ஈ4 கட்டத்தில் கொண்டுவந்து வைத்தது. கறுப்புச் சிப்பாயின் மூக்குக்கு நேரே ஒரு பூட்டு. பத்திரிகையில் வந்த குறிப்பை வைத்து அந்த ஆட்டத்தை நாங்கள் பலகையில் போட்டுப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. மந்திரியை ஈ4-ல் வைத்தபின் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்களில் மூத்தவர் ஒருவர் மட்டும், "இது கணக்கு இல்லைய்யா, இது குணம்" என்றார்.

காஸ்பரோவுக்கும் அப்படித்தான் தோன்றியது. 45-வது நகர்த்தலோடு தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தவர், பின்னர் கணினிக்குப் பின்னால் மனிதக் கை இருந்ததோ என்று வெளிப்படையாகவே சந்தேகப்பட்டார். கணினியின் பதிவுகளைக் காட்டச் சொன்னார். பிற்பாடு ஐபிஎம் அவற்றை வெளியிட்டது. கணினியும் முதலில் ராணி பி6-க்குப் போவதைத்தான் யோசித்திருந்தது. ஆழமாகப் போகப் போக அதன் மதிப்பு சரிந்தது. கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு வேறு வழிக்கு மாறியது. ஆக, அதுவும் கணக்குதான். தொடுவானம் போதுமான தூரம் தள்ளிப் போனபோது கணக்கே குணம் மாதிரித் தெரிந்தது. கூடவே அந்த மதிப்பீட்டுக்குள் பெஞ்சமின் போன்றவர்கள் ஊட்டிய மனித அறிவும் இருந்தது. சந்தேகம் தவறு என்றாலும், மனிதக் கை அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், முதல் ஆட்டத்தின் 44-வது நகர்த்தலில் டீப் ப்ளூ தன் யானையை அர்த்தமில்லாத ஓர் இடத்துக்கு நகர்த்தியிருந்தது. அது நிரலில் இருந்த ஒரு பிழை, என்ன செய்வதென்று தெரியாமல் குருட்டாம்போக்கில் நகர்த்தியது என்று பின்னாளில் கேம்ப்பெல் சொன்னதாக 2012-ல் வெளிவந்த நேட் சில்வரின் புத்தகம் கூறுகிறது. நகர்த்தலை மட்டும் பார்த்து அதன் பின்னால் இருப்பது அறிவா, கணக்கா, பிழையா என்று சொல்வது உலக சாம்பியனுக்கே லேசில்லை.

எண்ணாமல் கற்றது

அதன்பின் மனிதர்கள் மெல்லப் பின்வாங்கினார்கள். 2005-ல் லண்டனில் ஹைட்ரா என்ற கணினியிடம் மைக்கேல் ஆடம்ஸ் ½–5½ என்று தோற்றார். 2006-ல் பானில் உலக சாம்பியன் கிராம்னிக் டீப் ஃப்ரிட்ஸிடம் 2–4. அப்போதும், "இது வேகம்தான், மனிதன் கண்டுபிடிக்கும் சில நகர்த்தல்கள் இதற்கு எட்டாது" என்று சொல்ல ஆதாரம் இருந்தது. 1998-ல் லினாரஸில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் தன் மந்திரியை எச்3 கட்டத்தில் கொண்டுபோய்ப் பலி கொடுத்தார். தன் ராஜா நடுவுக்கு ஒரு நகர்த்தல் முன்னதாக வந்து சேரவேண்டும், அவ்வளவுதான் காரணம். அந்த நகர்த்தல் கணினிகளுக்கு வைக்கும் பரீட்சையாகவே பல காலம் இருந்தது.

2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாஜீரோவை வெளியிட்டது. அதற்கு ஆட்ட விதிகளைத் தவிர எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. யானைக்கு 5 என்றுகூட இல்லை. தன்னோடு தானே 4 கோடியே 40 லட்சம் ஆட்டங்கள் ஆடி, ஒன்பது மணி நேரத்தில் தானே கற்றுக்கொண்டது. 2018-ல் வெளியான விவரப்படி, ஸ்டாக்ஃபிஷ் நிரலோடு ஆடிய 1000 ஆட்டங்களில் 155 வெற்றி, 6 தோல்வி, மீதி சமன். ஸ்டாக்ஃபிஷ் வினாடிக்கு ஏறத்தாழ 6 கோடி நிலைகளைப் பார்த்தது. ஆல்ஃபாஜீரோ பார்த்தது 60 ஆயிரம்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு பார்த்தே ஜெயித்தது.

அது ஆடிய விதம்தான் பெரியவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு சிப்பாயைக் கொடுக்கும், இரண்டாவதையும் கொடுக்கும். பதிலுக்கு எதிரியின் மந்திரி மூலையில் அடைபட்டுக் கிடக்கும். ஓரச் சிப்பாயை எதிரி ராஜாவின் வாசல்வரை தள்ளிவிட்டு, முப்பது நகர்த்தல் கழித்து அதன் பலனை எடுக்கும். பெட்ரோசியான் காலத்து ஆட்டக்காரர்கள் பார்த்திருந்தால் சொந்தக்காரன் என்று சொல்லியிருப்பார்கள். போத்வின்னிக் எழுதி வைக்க முடியாமல் போனதை இது எழுதி வைக்காமலே கற்றுக்கொண்டது. 2020-ல் ஸ்டாக்ஃபிஷும் நரம்பு வலை முறையில் மதிப்பிடத் தொடங்கியது. இன்று செல்போனில் ஓடுவது அதன் வாரிசுதான்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: கண்டுபிடிக்கும். ஒருமுறை ஆழத்தால் கண்டுபிடித்தது, இன்னொருமுறை அனுபவத்தால். ஒரு விலக்கு மட்டும் சொல்ல வேண்டும். சிப்பாய்கள் சுவர்போல அடைத்துக்கொண்டு, எவ்வளவு காய் அதிகம் இருந்தாலும் உள்ளே நுழைய வழியில்லாத நிலைகள் உண்டு. ரோஜர் பென்ரோஸ் 1994-ல் தம் புத்தகத்தில் காட்டிய ஒரு நிலையில், டீப் தாட் என்ற கணினி ஆசைப்பட்டு ஒரு யானையை வெட்டித் தன் சுவரைத் தானே உடைத்துக்கொண்டது. இன்றைய நிரல்களும் இப்படிப்பட்ட கோட்டைகளில் சில சமயம் இல்லாத வெற்றியை இருப்பதாகக் காட்டுகின்றன.

ஒப்புக்கொண்ட தோல்வி

ஆனால் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1997 மே 4-க்கு மறுபடி போவோம். காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்ட அந்த நிலை தோல்வி நிலையே அல்ல. அடுத்த நாளே அவருடைய குழுவினர் சொன்னார்கள்: கறுப்பு ராணி ஈ3 கட்டத்துக்குப் போயிருந்தால், தொடர்ந்து செக் கொடுத்து ஆட்டத்தைச் சமன் செய்திருக்கலாம். கடைசியில் தன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்து அந்த வழியைக் கணினியே திறந்து விட்டிருந்தது. மந்திரியை ஈ4-ல் அப்படி வைத்த கணினி இவ்வளவு சின்ன விஷயத்தை விட்டிருக்காது என்று காஸ்பரோவ் நம்பினார். பார்க்காமலே கை கொடுத்துவிட்டார். அந்தத் தோல்விக்குப் பிறகு மூன்று சமன். ஆறாவது ஆட்டத்தில் தோற்று, போட்டியையும் 2½–3½ என்று இழந்தார்.

மந்திரியின் நகர்த்தல் அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று ஆட்டத்தை முடித்தது அந்த நகர்த்தல் அல்ல. எதிரே இருப்பதற்கு எல்லாம் தெரியும் என்று தன் கண்ணை மூடிக்கொண்ட ஒரு கணம். அது உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரருக்கு நடந்தது என்றால், மைனஸ் ஒண்ணரையைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும் பையன்களை என்ன சொல்வது?

கணினியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனந்த் முதல் இன்றைய பிள்ளைகள் வரை அதனோடு உழைத்துத்தான் மேலே வந்தார்கள். ஆனால் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரேனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆன நம் குகேஷின் ஆரம்பப் பயிற்சியைப் பாருங்கள். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை நெடுங்காலம் கணினி நிரல்களின் பக்கமே விடவில்லை. நிலையைத் தானே பார்த்து, தானே எடை போட்டு, தப்பாக இருந்தாலும் தன் காரணத்தைச் சொல்லவேண்டும். கணினியின் தீர்ப்பு அதற்கப்புறம்.

என் பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே இடத்தைப் பலகையில் போட்டான். கால்மணி நேரம் யோசித்தான். "தாத்தா, உங்க குதிரை அங்க போனா திரும்பி வர வழியில்ல. அதான் மைனஸ்" என்றான்.

சரியாகச் சொன்னான். குதிரை தப்புதான்.